சிந்துவின் பூச்சிப் பக்கம்

முதலில் அந்த மணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் எப்போதும் வாழைப்பழ மணம் இருக்கும். அப்பா யாழ்ப்பாணத்து நீர்வேலியில் குத்தகைக் காணியில் வாழை செய்கிறார். காற்றுக்கு முறிந்த குலைகளும் சந்தையில் விலைபோகாத சீப்புகளும் வீட்டுக்குத்தான் வரும். நடு அறை மூலையில் சாக்கால் மூடிக் கிடக்கும். இதரையோ கதலியோ, எது பழுத்தாலும் மணம் தலையணையிலும் பாடப் புத்தகத்திலும் ஏறிவிடும். கல்வியியற் கல்லூரி விடுதியில் நான் முதன்முதலாகப் பெட்டியைத் திறந்தபோது, பக்கத்துக் கட்டில்காரி "ஆர் பழம் கொண்டந்தது?" என்று கேட்டாள். என் பெட்டியில் உடுப்பு மட்டும்தான் இருந்தது.

அதனால், என் தங்கச்சி சிந்துவின் மூச்சு பழம்போல மணக்கத் தொடங்கியபோது எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. வேறு வீட்டில் யாராவது மூக்கைச் சுருக்கியிருப்பார்கள். எங்கள் வீட்டில் அது வழமையான காற்று.

சிந்துவுக்கு அப்போது பதினொரு வயது. பிறக்கும்போதே அவளுக்கு டவுன் சின்ட்ரோம் இருந்தது. உடம்பின் கலங்களில் குரோமோசோம் எனப்படும் நிறமூர்த்தம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வருவது அது. மருந்தால் மாறுகிற விசயம் இல்லை. மற்றப் பிள்ளைகள் ஒரு தடவையில் பிடிப்பதை அவள் பல தடவையில் பிடிப்பாள். பிடித்தால் விடமாட்டாள். எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பாடசாலையில் விசேட கல்வி அலகு ஒன்று இருக்கிறது. அங்கே போய்வருகிறாள். பாடசாலைப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு வேலிப் படலையில், வாசலில் நிற்பதுதான் அவளுடைய நாளின் முதல் சந்தோசம். லீவு நாட்களிலும் மாட்டிக்கொண்டு நிற்பாள்.

நான் கொக்குவிலில் வேறொரு பாடசாலையில், அதே மாதிரியான அலகில் ஆசிரியை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்தது நான்தான். அம்மா இடம்பெயர்வுக் காலத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டவர். அப்பாவுக்கு அதுவும் இல்லை. என் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பக்கத்து வீட்டுக்குச் சொன்னார். பக்கத்து வீட்டுக்கென்று சொன்னது ஒழுங்கை முழுவதற்கும் கேட்டது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாலும் பரவாயில்லை என்றும் இருந்தது. என் சான்றிதழ்கள் சட்டம் போட்டு முன்னறைச் சுவரில் தொங்குகின்றன. அந்தச் சுவரில் சிந்துவின் பெயர் எங்கேயும் இல்லை. நான் அதைப் பெரிதாக யோசித்ததில்லை. அம்மா யோசித்துக்கொண்டிருந்தார் என்பது ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது.

சிந்துவின் உடல் வருத்தம் மெதுவாகத்தான் வந்தது. சிந்து தண்ணீர் தண்ணீர் என்று கேட்டாள். வெயில் காலம் என்று நினைத்தோம். விட்டுப்போயிருந்த படுக்கை நனைதல் திரும்ப வந்தது. பழகியதை மறந்துவிட்டாள் என்று நினைத்தோம். சட்டை தோளில் நிற்காமல் வழிந்தது. உயர்கிறாள், அதுதான் மெலிகிறாள் என்றார் அம்மா. ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு காரணம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்கத் தொடங்கினாள். மத்தியானமாகும்போது பாயில் கிடந்தபடியே, ஓடி வந்தவளைப்போல ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்கினாள். கூப்பிட்டால் கண்ணைத் திறந்தாள், ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. அப்பா ஓடிப்போய் ஓட்டோ பிடித்து வந்தார்.

பெரியாஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் இருந்த டொக்டர் என் வயதுப் பெண். சிந்துவின் முகத்துக்குக் கிட்டக் குனிந்தவர் அப்படியே நின்றார்.

"இவவின்ரை மூச்சு எத்தினை நாளா இப்பிடி மணக்குது?" என்று கேட்டார்.

அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அது வீட்டு மணம், டொக்டர். நாங்கள் வாழைத் தோட்டக்காரர். எங்களிலையும் மணக்கும்" என்றார்.

டொக்டர் அப்பாவை ஒரு தடவை பார்த்தார். "இது வீட்டு மணமில்லை, ஐயா. இது பிள்ளைக்குள்ளை இருந்து வருது" என்றார். அதற்கிடையில் அவருடைய கை சிந்துவின் விரலைத் துடைத்துக் குத்திக்கொண்டிருந்தது.

அப்பா தன் சேட்டின் கையை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தார். பிறகு கையை இறக்கிவிட்டு வெளியே போய் நின்றார்.

எங்களுக்குச் சொல்லப்பட்டதை விளங்கியபடி எழுதுகிறேன். சாப்பாட்டில் இருந்து வரும் சீனியை உடம்பு பயன்படுத்த வேண்டுமென்றால் இன்சுலின் வேண்டும். வயிற்றுக்குள் இருக்கும் சதையி என்ற உறுப்பு அதைச் சுரக்கும். சில பிள்ளைகளுக்கு அந்தச் சுரப்பு நின்றுவிடும். இதுதான் முதலாம் வகைச் சலரோகம், அதாவது நீரிழிவு. இனிப்புச் சாப்பிட்டதால் வருவதில்லை, பெரியவர்களுக்கு வருவதைப்போல விழுங்கும் குளிசையால் கட்டுப்படுவதும் இல்லை. ஊசிதான், வாழ்நாள் முழுவதும். சீனி இரத்தத்தில் நிறையக் கிடந்தும் பயன்படாமல், உடம்பு பட்டினி என்று நினைத்துக் கொழுப்பை எரிக்கும். அதிலிருந்து அமிலம் உண்டாகும். அந்த அமிலம் கூடினால்தான் வாந்தி, வயிற்றுக் குத்து, வேகமான மூச்சு, மூச்சில் பழ மணம். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு இது வருவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூட என்றும் சொன்னார்கள். நான் விசேட கல்வி படித்தவள். அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

சிந்துவை அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் வெளியே சுவரோரம் கிடந்த மர வாங்கில் இருந்தோம். அந்த வாங்கைப் பற்றி எழுத அதிகம் இல்லை. கதவு திறக்கும்போதெல்லாம் மூன்று பேரும் எழும்புவோம், எங்களுக்கில்லை என்று தெரிந்ததும் இருப்போம். அப்பா எங்கேயோ போய் மூன்று தேத்தண்ணி வாங்கி வந்தார். மூன்றும் ஆறிப்போயின. பிறகு அந்த மூன்றையும் அவரே குடித்தார், வீணாக்கக் கூடாதென்று.

சிந்து பிழைத்தாள். சேலைன் ஏற்றி, இன்சுலினைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கொடுத்து அமிலத்தை இறக்கினார்கள். கண் விழித்ததும் அவள் கேட்டது தன்னுடைய பாடசாலைப் பையை. அடுத்த நாட்களில் சிறுவர் வாட்டுக்கு மாற்றினார்கள்.

அங்கேதான் களைப்பு தொடங்கியது. பயம் இருந்தவரை களைப்புத் தெரியவில்லை. சாப்பாட்டுக்கு முன் விரல் குத்த வேண்டும், காலையும் பின்னேரமும் ஊசி போட வேண்டும். இடையில் இருதய ஸ்கான், கண் பரிசோதனை, தைரொயிட் இரத்தப் பரிசோதனை என்று ஒவ்வொரு வரிசையாக நிற்க வேண்டும். ஒரு வரிசையில் எங்கள் முறை வரும்போது சிந்து நிலத்தில் இருந்துவிடுவாள், எழும்பமாட்டாள். அம்மா அவளைத் தூக்கமுடியாமல் தானும் பக்கத்தில் நிலத்தில் இருப்பார். நான் முதல் சில நாட்கள் லீவு எடுத்தேன். பிறகு பாடசாலை முடிந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அப்பா தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு, பார்வையாளர் நேரத்துக்கு இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு வருவார். இன்சுலினும் கட்டிலும் டொக்டரும் இலவசம். வீட்டில் சீனி பார்க்கிற மீட்டரும் அதற்குப் போடுகிற கீற்றுகளும் நாங்கள்தான் வாங்க வேண்டும். அப்பா பாமசிக்குப் போய்வந்து விலையைச் சொல்லாமல் பெட்டியை மட்டும் தந்தார். அந்த வாரம் அவருடைய சைக்கிளை நான் காணவில்லை. கேட்கவும் இல்லை.

இனி உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். இன்சுலின் போட்டால் சீனி இறங்கும். சில வேளை தேவைக்கு மேல் இறங்கிவிடும். எழுபதுக்குக் கீழே போனால் கை நடுங்கும், வியர்க்கும், பசிக்கும், கோபம் வரும். அந்த நேரம் குளுக்கோஸ் தண்ணி கொடுத்தால் கால் மணித்தியாலத்தில் சரியாகிவிடும். கொடுக்காவிட்டால் மயக்கம், வலிப்பு. அதற்கப்பால் வாட்டு டொக்டர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மற்றப் பிள்ளைகள் "எனக்கு என்னமோ செய்யுது" என்று சொல்லிவிடுவார்கள். சிந்துவுக்குச் சொற்கள் குறைவு. வெளியில் இருந்து பார்த்துப் பிடிப்பதற்கு எங்களையும் நம்ப முடியாது. மூக்குக்கு முன்னால் வந்த மணத்தையே பிடிக்காதவர்கள் நாங்கள்.

அவளுடைய அலகில் படிப்பிக்கும் றெஜினா ரீச்சர் பார்க்க வந்தார். அவர் சுற்றிவளைத்துக் கதைக்கிறவர் அல்ல. "என்ரை வகுப்பிலை ஒவ்வொண்டும் ஒவ்வொரு பக்கம் ஓடும். நான் ஒருத்தி. இவ தனக்கு ஏலாதெண்டு எனக்குக் காட்டினால் நான் பாப்பன். காட்டாட்டில், சத்தியமா எனக்குத் தெரியவராது, பிள்ளை" என்றார். அதிபரும் அதைத்தான் சொல்லி அனுப்பியிருந்தார்: அவள் சொல்லப் பழக வேண்டும், இல்லையென்றால் வீட்டில் இருந்து ஒருவர் நாள் முழுக்க வகுப்பில் இருக்க வேண்டும். அம்மா தோட்டத்தில் அப்பாவோடு வேலை செய்கிறவர். அவர் வகுப்பில் இருந்தால் தோட்டம் நடக்காது. நான் வேலையை விட்டால் வீடு நடக்காது. ஆகவே சிந்து வீட்டில் இருப்பாள். பையை மாட்டிக்கொண்டு படலையில் நிற்பாள், அவ்வளவுதான்.

எனக்கு ஒரு வழி தெரியும் என்று நினைத்தேன். என் வகுப்பில் அதைத்தான் செய்கிறேன். தன்னைத் தானே கவனித்துக் குறிப்பது. உதாரணமாக, சாப்பிட முன் கை கழுவினேனா என்று பிள்ளை தன் அட்டையில் தானே குறிக்கும். நானும் வேறாகக் குறிப்பேன். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இரண்டும் ஒன்றாக இருந்தால் பரிசு. இதில் முக்கியமான இடம் ஒன்று இருக்கிறது. பிள்ளை கை கழுவவில்லை, "கழுவவில்லை" என்றே குறித்திருக்கிறது என்றால், அதற்கும் பரிசு உண்டு. நல்லாய்ச் செய்ததற்கு இல்லை அந்தப் பரிசு, உள்ளபடி குறித்ததற்கு. உள்ளபடி பார்க்கப் பழகிய பிள்ளை கொஞ்ச நாளில் தானாகக் கை கழுவத் தொடங்கும். ஒருவரும் பின்னால் நிற்கத் தேவையில்லை.

சிந்துவுக்காக அப்பாவிடம் உடுப்புக் கொழுவும் கிளிப்புகள் வாங்கிவரச் சொன்னேன். கட்டில் கம்பியில் ஒரு கயிறு கட்டினேன். ஒரு நுனியில் சிரிக்கிற முகம் ஒன்றைப் பேப்பரில் கீறி ஒட்டினேன். மற்ற நுனியில் நடுங்குகிற கை. விரல் குத்த முன் அவள் தன் உடம்பை யோசித்து ஒரு பக்கத்தில் கிளிப்பைப் போட வேண்டும், அது அங்கேயே கிடக்கும். பிறகு குத்திப் பார்ப்போம். பொருந்தினால் பரிசு. பரிசைத் தேடித் தந்தவர் வசந்தி மிஸ். வாட்டுத் தாதி. மேசையில் இருந்த ஊதா மை முத்திரைச் சீல் கட்டையை எடுத்து, "இதை இவவின்ரை கையிலை குத்தட்டே? வெள்ளைப் பேப்பரிலை குத்திக் குத்தி எனக்கும் அலுத்துப்போச்சு" என்றார். சிந்து கையை நீட்டிவிட்டு எடுக்கவே இல்லை.

முதல் தடவை சீனி குறைந்தபோது, அவள் தன் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, "கையுக்கை பூச்சி ஓடுது" என்றாள். பக்கத்துக் கட்டில் பிள்ளையின் தாய், இணுவில்காரி, ஓடிவந்து படுக்கை விரிப்பை உதறினார், உண்மையான பூச்சி என்று. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அந்த வாட்டில் அதுதான் எங்கள் முதல் சிரிப்பு. அன்றிலிருந்து அந்த நுனிக்குப் பூச்சிப் பக்கம் என்று பெயர் வந்தது. கொஞ்ச நாளில் அவள் போடும் கிளிப்பும் மீட்டரும் பொருந்தி வந்தன. முழங்கை வரை ஊதா. எனக்குள் பெருமை ஏறத் தொடங்கியது. நான் படித்த படிப்பு என் வீட்டுக்கே பயன்படுகிறது என்று டொக்டருக்கு முன்னால் கொஞ்சம் நிமிர்ந்தே நின்றேன்.

அந்தக் கயிறு எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருந்தது. அது நல்லதில்லை என்பது எனக்கு அப்போது படவில்லை. பார்வையாளர் நேரத்தில் வருகிற சனம் எல்லாம் அதை எண்ணிப் பார்த்தார்கள். "ரீச்சர், உங்கடை தங்கச்சிக்கு இண்டைக்கு எத்தினை மாக்ஸ்?" என்று இணுவில் அக்கா பகிடி விடுவார். எங்கள் சொந்தக்காரர் ஒருவர், பூச்சிப் பக்கத்தில் கிடந்த கிளிப்புகளைக் காட்டி, "உதெல்லாம் பிழை விட்டதோ?" என்று அம்மாவைக் கேட்டார். யாழ்ப்பாணத்தில் இரண்டு பக்கம் இருந்தால் ஒன்று பரீட்சையில் சித்தி, மற்றது சித்தியில்லை. வேறு எதுவும் எங்களுக்குத் தெரியாது.

பிறகு வந்த கிழமை முழுவதும் நான் பின்னேரங்களில் வரும்போது எல்லாக் கிளிப்பும் சிரிப்புப் பக்கத்தில் இருந்தன. சீனி கட்டுக்கு வருகிறது என்று நினைத்தேன். மீட்டர் வாசிப்புகளை வசந்தி மிஸ் வாட்டுப் பதிவுக் கோவையில் எழுதுவார். கயிறு போதும் என்று நான் அதைக் கேட்டுப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை நான் கட்டிலருகில் இருந்தேன். சிந்து பாண் துண்டைக் கையில் எடுத்தாள். அது விழுந்தது. திரும்ப எடுத்தாள், திரும்ப விழுந்தது. நெற்றி முழுக்க வியர்வை. நான் கிளிப்பை நீட்டி, எந்தப் பக்கம் என்று கேட்டேன். நடுங்குகிற கையால் கிளிப்பை வாங்கி, மிகக் கஷ்டப்பட்டு, சிரிப்புப் பக்கத்தில் போட்டாள். போட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடேயே கண் மேலே போனது.

வசந்தி மிஸ் ஓடிவந்தார். சிந்துவின் கையில் ஏற்கனவே செருகியிருந்த ஊசிக் குழாயால் டொக்டர் குளுக்கோஸ் ஏற்றினார். வலிப்பு வரவில்லை. சிந்து கண் திறந்தபோது பழையபடி பையைத்தான் கேட்டாள்.

டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். கோபப்படவில்லை. களைத்துப்போயிருந்தார். "நான் நாளைக்கு அவவை வீட்டை விடலாமெண்டு இருந்தனான். இப்ப இவவே நல்லாயிருக்கெண்டு காட்டிப்போட்டு மயங்கினால், பள்ளிக்கூடத்துக்கு விடலாமெண்டு நான் என்னெண்டு சொல்லுறது?" என்றார்.

கட்டிலுக்குத் திரும்பி வந்து சிந்துவிடம் ஏன் அந்தப் பக்கம் போட்டாய் என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"அம்மா மாத்துவா" என்றாள். "பூச்சி போட்டால் அம்மா அழுவா."

அம்மா கைகழுவும் தொட்டியடியில் தேத்தண்ணிக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். "நீங்களோ அம்மா மாத்தினனீங்கள்?" என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"ஓம். குத்திப் பாத்து முடிஞ்சாப் பிறகுதான் மாத்தினனான். அவளுக்குக் குளுக்கோஸ் குடுக்காமல் விடேல்லை. சனம் வரேக்கை பாக்கக் கூடாதெண்டு."

"அம்மா, அது சோதினை இல்லை. அவளுக்கு உயிர்."

"பின்னை ஏன் ஒரு பக்கத்திலை சிரிக்கிற மூஞ்சையைக் கீறினனீ?" என்றார் அம்மா. கோப்பை அவர் கையில் கழுவக் கழுவத் திரும்பத் திரும்பச் சுழன்றுகொண்டிருந்தது. "நீ படிச்சனீ. எனக்குத் தெரிஞ்சது சரியும் பிழையும்தான். உனக்கு எல்லாம் சரி வந்தது பிள்ளை, ஒவ்வொரு தவணையும் வந்தது. இவளுக்கு ஒருக்காவெண்டாலும் எல்லாம் சரியெண்டு நாலு சனம் பாக்கட்டுமெண்டு நினைச்சன். அது ஒரு ஆசை."

பின்னால் ஒரு தாய் பால் போத்தல் கழுவக் காத்துக்கொண்டு நின்றார். நாங்கள் விலகினோம். எனக்கு அம்மாவில் கோபம் இருந்தது. ஆனால் அந்தச் சிரித்த முகத்தைக் கீறியது நான். என் வகுப்பில்கூட நான் அப்படித்தான் கீறுகிறேன். பிள்ளை உள்ளபடி எதைப் போட்டாலும் பரிசு என்று சொல்லிக்கொண்டு, எனக்கு எது பிடிக்கும் என்பதையும் பக்கத்திலேயே ஒட்டிவைத்திருக்கிறேன்.

அன்று பின்னேரம் சிரித்த முகத்தைக் கிழித்தேன். அதற்குப் பதில் ஒரு கை கீறினேன். நடுங்காத, சும்மா இருக்கிற கை. சிந்து அதைப் பார்த்துவிட்டு, "சும்மா" என்றாள். ஆக ஒன்று பூச்சிப் பக்கம், மற்றது சும்மாப் பக்கம். கயிற்றைச் சனத்துக்குத் தெரியாமல் கட்டிலின் சுவர்ப் பக்கத்துக்கு மாற்றினேன். டொக்டரிடம் இன்னும் ஒரு கிழமை தரும்படி கேட்டேன். அவர் கட்டில் பற்றாக்குறையைப் பற்றிச் சொன்னார். பிறகு சரி என்றார்.

ஆனால் பழகியதை அழிப்பது பழக்குவதைவிடக் கஷ்டம். சிந்து எல்லாக் கிளிப்பையும் சும்மாப் பக்கத்திலேயே போட்டாள், அம்மாவைப் பார்த்துக்கொண்டே. பொருந்தாத நேரத்தில் வசந்தி மிஸ் சீல் குத்தவில்லை. சிந்து அழுதாள். குளிக்க வார்க்கும்போது ஊதாவெல்லாம் கழுவுப்பட்டுப் போயிற்று. எனக்கு இதற்கு மேல் ஏலாது என்று இருந்தது.

பிறகு, எங்களுக்கும் கிளிப் கொடுத்துப் பார்த்தேன். அவளைக் கேட்கும்போது நாங்களும் எங்கள் உடம்பைப் பார்த்துப் போட வேண்டும். அப்பா வந்தவுடன் யோசிக்காமல் பூச்சிப் பக்கத்தில் போட்டார். "வயித்துக்கை பூச்சி. விடிய ஒண்டும் சாப்பிடேல்லை" என்றார். வசந்தி மிஸ் சிரித்துக்கொண்டு அப்பாவின் கையில் சீல் குத்தினார். அப்பா அந்த ஊதாக் கையோடேயே சந்தைக்குப் போனார் என்று பிறகு தெரிந்தது. நானும் போட்டேன். தலையிடி என்றால் பூச்சிப் பக்கம். பாடசாலையில் இருந்து வந்த களைப்பு, பூச்சிப் பக்கம். எனக்கு அது லேசாக இருக்கவில்லை. எங்கள் வீட்டின் படித்த பிள்ளை நான். ஏலாது என்று என் வாயில் ஒருநாளும் வந்ததில்லை.

அம்மா மட்டும் ஒவ்வொரு தடவையும், "எனக்கொண்டுமில்லை" என்று சொல்லிச் சும்மாப் பக்கத்தில் போடுவார். பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடியே தூங்கி எழும்பிக் கால் இரண்டும் வீங்கிப் போயிருந்தன. அப்படியும் சும்மாதான்.

ஒரு பின்னேரம் நான் வந்தபோது அம்மா சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏன் என்று தெரியாது. அந்த நாட்களில் அதற்குத் தனிக் காரணம் தேவையும் இல்லை. வசந்தி மிஸ் மீட்டரோடு வந்தார். சிந்து வழமைபோல் முதலில் அம்மாவிடம் கிளிப்பை நீட்டினாள். அம்மா சும்மாப் பக்கத்தில் போட்டார்.

சிந்து கட்டிலில் எழும்பி முழங்காலில் நின்று, அம்மாவின் கன்னத்தைத் தொட்டு, தன் விரலைப் பார்த்தாள். விரல் ஈரம்.

"பிழை" என்றாள். "அம்மா பிழை. சீல் இல்லை."

வசந்தி மிஸ் சீல் கட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார், அவ்வளவுதான். அம்மா என்னைப் பார்த்தார். நான் கயிற்றைப் பார்த்தேன். அம்மா அந்தக் கிளிப்பைக் கழற்றி, மற்ற நுனிக்குக் கொண்டுபோய், பூச்சிப் பக்கத்தில் போட்டார். "எனக்கு ஏலாமல் கிடக்கு" என்றார். யாரிடமும் சொன்னதுபோல் இல்லை. சிந்து கைதட்டினாள். அம்மாவின் கையைத் தானே பிடித்து வசந்தி மிஸ்ஸிடம் நீட்டினாள். மிஸ் குத்தினார்.

அடுத்ததாகச் சிந்துவின் முறை. உள்ளங்கையைப் பார்த்தாள். நிறைய நேரம் எடுத்தாள். பூச்சிப் பக்கத்தில் போட்டாள். மீட்டர் எழுபதுக்குக் கீழே காட்டியது. குளுக்கோஸ் தண்ணியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு மற்றக் கையையும் சீலுக்கு நீட்டினாள்.

எல்லாம் அன்றோடு சரியாகிவிடவில்லை. பிறகும் சில தடவை கிளிப்பும் மீட்டரும் பொருந்தவில்லை. ஆனால் அம்மா முகத்தைப் பார்த்துக் கிளிப் போடுவது நின்றது. கிழமை முடிவில் டொக்டர் ஊசி அளவைக் குறைத்து, காலைச் சாப்பாட்டுக்கும் மத்தியானத்துக்கும் நடுவில் ஒரு சிற்றுண்டி கட்டாயம் என்று சொல்லி, வீட்டுக்கு விட்டார். பாடசாலைக்குப் போகட்டும், முதலில் சில நாள் அம்மா வெளியில் மரத்தடியில் இருக்கட்டும், பிறகு பார்ப்போம் என்றார்.

பாடசாலைக்குக் கயிறு கொண்டுபோக முடியாது. ஒரு கிளிப்பை அவள் சட்டைக் கழுத்தில் போட்டுவிட்டோம். அங்கே கிடந்தால் சும்மா. பூச்சி ஓடினால் கழற்றி றெஜினா ரீச்சரின் சீலை முந்தானையில் போட வேண்டும். ரீச்சர் குளுக்கோஸை மேசையின் இழுப்பு லாச்சியில் வைத்திருந்தார். முதல் நாட்களில் சிந்து விளையாட்டுக்குப் போட்டாள். ரீச்சர் சளைக்காமல் ஒவ்வொரு தடவையும் விரல் குத்திப் பார்த்தார். விரல் குத்துவது சிந்துவுக்கு விருப்பமில்லை. விளையாட்டு நின்றது. அம்மா மரத்தடியில் இருந்து தோட்டத்துக்குத் திரும்பிப் போனார். போனாரே தவிர, மனம் போகவில்லை. தூரத்தில் ஓட்டோச் சத்தம் கேட்டால் மண்வெட்டியை நிறுத்திவிடுகிறார் என்று அப்பா சொன்னார்.

போன கிழமை நான் வேலையால் வந்து, முகம் கழுவாமல் அப்படியே கதிரையில் இருந்தபோது றெஜினா ரீச்சர் எனக்குப் போன் எடுத்தார். அன்று கல்வி வலயத்தில் இருந்து பெரிய அதிகாரி ஒருவர் வகுப்புப் பார்க்க வந்திருந்தாராம். பிள்ளைகளை எல்லாம் அசையாமல் இருக்கச் சொல்லி, ரீச்சர் முன்னால் நின்று விளக்கிக்கொண்டிருந்தாராம்.

"நடுவிலை உங்கடை ஆள் எழும்பி வந்தா. இரு பிள்ளை எண்டன். இருக்கேல்லை. அந்த ஐயாவுக்கு முன்னாலை வந்து என்ரை முந்தானையிலை கிளிப்பைப் போட்டா. குத்திப் பாத்தன். அறுபதுக்குக் கிட்ட." ரீச்சர் தொடர்ந்து சொன்னார். "குடுத்தனான். இப்ப நல்லாயிருக்கிறா. ஆனால் கிளிப் என்னட்டை. பஸ்ஸிலை நிண்டு, சந்தியிலை மீனும் வாங்கி, வீட்டை வந்து கண்ணாடியைப் பாத்தால்தான் தெரியுது, இன்னும் சீலையிலை கிடக்கு. நாளைக்குக் கொண்டு வாறன்."

அம்மா அடுப்படியில் இருந்தார். நான் போய்ச் சொன்னேன். எந்தப் பக்கம் என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பூச்சிப் பக்கம் என்றேன். அம்மா கையைத் துடைத்தார். மரக்கறித் தோல் கிடந்த சுளகை எடுத்துக்கொண்டு, ஆட்டுக்குப் போடப் போகிறவரைப்போல வெளியே போனார்.

பின்னேர ஊசிக்கு நேரமாகியிருந்தது. சிந்து தானே வந்து என் பக்கத்தில் நின்று விரலை நீட்டினாள். நான் மீட்டரைத் திறந்துகொண்டிருக்கையில் வேலியடியில் அம்மாவின் குரல் கேட்டது. என் பெறுபேறு வந்த அன்று கேட்ட அதே குரல்.

"எங்கடை சின்னவள் இண்டைக்குப் பள்ளிக்கூடத்திலை தனக்கு ஏலாதெண்டு தானே சொல்லிப்போட்டாள். ஒருத்தரும் கேக்கேல்லை. தானே எழும்பிப் போய்."

சிந்து விரலை நீட்டியபடியே தலையைச் சரித்துக் கேட்டாள்.

"என்னைச் சொல்லுறா" என்றாள்.